வலம்புரியும் இடம்புரியும்

தென்காசியில், காசி விசுவநாதர் கோயில் கோபுரத்திற்குக் கூப்பிடு தொலைவில் என் ஆச்சியின் வீடு இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் மலையைத் தாண்டி வரும் மேல்காற்றும் சாரலும் அந்தத் தெருவுக்குள் நுழையும்பொழுது, விடியற்காலையில் இட்ட கோலம் கரைந்து போய்விடும். ஆச்சி அதற்காகச் சலித்துக்கொண்டதில்லை. சாரல் விட்டதும், கோலப்பொடிச் சிரட்டையுடன் மீண்டும் வாசலுக்கு வந்து புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவார்.

ஓர் ஆண்டு, அந்தக் கோலம் சிறுத்துக்கொண்டே வருவதைக் கண்டோம். தெருவை அடைத்து நின்ற தேர்க்கோலம் முறத்தளவாயிற்று. பின்னர் உள்ளங்கை அளவாயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கும்பொழுதும் அவருடைய வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும், இல்லாத பொடியைத் தூவுவனபோலத் தாமே அசைந்துகொண்டிருந்தன. மருத்துவர் பார்த்துவிட்டு, இது பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம் என்றார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அப்பொழுது கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். மாத்திரையின் பெயர் லீவோடோபா என்றிருந்தது. 'லீவோ' என்றால் இடப்பக்கம் என்று பொருள் என என் படிப்பைக் காட்டிக்கொண்டேன். ஆச்சி மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏல, இடக்கை மாத்திரைன்னா இடக்கையாலதான் திங்கணுமோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால், மாத்திரைக்கு ஏன் இடப்பக்கம் என்று பெயர் வந்தது, வலப்பக்கமாய் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று அவர் தொடர்ந்து கேட்டிருந்தால், அன்று எனக்கு விடை சொல்லத் தெரிந்திராது. அந்த விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

ஆச்சியின் கோலத்திலிருந்தே தொடங்குவோம். ஒரே எண்ணிக்கையுள்ள புள்ளிகளைக் கொண்டு ஒருத்தி தாமரை போடுகிறாள். அடுத்த வீட்டுப் பெண் அதே புள்ளிகளைக் கொண்டு தேர் போடுகிறாள். புள்ளியின் கணக்கு ஒன்றே. கோடு செல்லும் வழிதான் வேறு. மூலக்கூறுகளிலும் இப்படியே நிகழ்கிறது. இரு பொருள்களில் இன்னின்ன அணுக்கள் இத்தனை இத்தனை என்னும் கணக்கு ஒன்றாகவே இருக்கும். ஆனால் அவ்வணுக்கள் இணைந்திருக்கும் முறையோ, வெளியில் அமைந்திருக்கும் நிலையோ வேறுபடும். இத்தகைய பொருள்களை ஐசோமர்கள் என்றும், தமிழில் மாற்றியங்கள் என்றும் கூறுகிறோம். 'வாசி' என்னும் சொல்லின் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால் 'சிவா' ஆகிறது. எழுத்தில் ஏற்றமுமில்லை, குறைவுமில்லை. பொருள் முற்றிலும் மாறிவிட்டது அன்றோ?

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. தென்காசியிலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் குற்றாலம். இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இம்மலைச் சரிவுகளில் வாசனைப் பயிர்த் தோட்டங்களை அமைத்து, கிராம்பையும் சாதிக்காயையும் வளர்த்தனர். பருவகாலத்தில் அருவிக்குச் செல்லும் வழியிலுள்ள கடைகளில் கிராம்பின் மணம் நம்மை இழுப்பதை நீங்கள் அறிவீர்கள். அம்மணத்திற்குக் காரணம் யூஜினால் என்னும் எண்ணெய்ப் பொருள். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 10 கரி அணுக்கள், 12 ஹைட்ரஜன் அணுக்கள், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இதனைக் கடுமையான காரத்துடன் சேர்த்துச் சூடாக்கினால், மூலக்கூறின் வாலில் உள்ள ஓர் இரட்டைப் பிணைப்பு ஓரிடம் தள்ளி அமர்கிறது. அவ்வளவுதான். ஓர் அணுவும் கூடவில்லை. ஓர் அணுவும் கழியவில்லை. ஆயினும் கிராம்பின் காரமான மணம் அடங்கி, மலர் போன்ற மென்மணம் எழுகிறது. இப்பொழுது அதன் பெயர் ஐசோயூஜினால். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இதை ஆக்சிஜனேற்றம் செய்தே வெனிலா மணம் தரும் வெனிலினைத் தொழிற்சாலைகளில் செய்தனர். கிராம்பு, ஐஸ்கிரீமின் மணமாக மாறிய கதை இது.

இவ்வகையில் கோடு மாறியது. ஆகவே கோலம் மாறியது. இதைப் புரிந்துகொள்வது எளிது. ஆச்சியின் மாத்திரையைப் பற்றிய செய்தி இதனினும் நுட்பமானது. அங்கே கோடும் மாறவில்லை, புள்ளியும் மாறவில்லை. எந்த அணு எந்த அணுவோடு இணைந்திருக்கிறது என்று பட்டியல் போட்டால், இரண்டு பட்டியல்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். ஆயினும் அவை இரண்டு பொருள்கள். இஃது எப்படி இயலும்?

குற்றாலநாதர் திருக்கோயில் சங்கின் வடிவில் அமைந்தது என்பது நீங்கள் அறிந்ததே. அந்தச் சங்கையே நினைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்குகளில் ஏறத்தாழ எல்லாமே இடம்புரிச் சங்குகள். மிக அரிதாக ஒரு வலம்புரி கிடைக்கும். இரண்டும் ஒரே உயிரினத்தின் கூடுகள். ஒரே சுண்ணாம்பால் ஆனவை. ஒரே எடை இருக்கலாம். சுற்றின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் இடம்புரியை எப்படித்தான் புரட்டினாலும், கவிழ்த்தாலும், அது வலம்புரி ஆவதில்லை. ஆகக்கூடிய ஒரே வழி, அதனைக் கண்ணாடியில் காட்டுவதுதான். நம் இரு கைகளும் இத்தகையவை. ஒரு சோடிச் செருப்பும் இத்தகையதே.

மூலக்கூறுகளுக்கும் இந்த வலமும் இடமும் உண்டு. உயிர்ப் பொருள்களுக்கெல்லாம் முதுகெலும்பாய் இருப்பது கரி அணு. அதற்கு நான்கு கைகள். அந்த நான்கு கைகளும் தரையில் வரைந்த சிலுவையைப்போல் தட்டையாக நீண்டிருப்பதில்லை. ஒரு முக்காலியின் மூன்று கால்கள் கீழ்நோக்கி விரிய, நடுவிலிருந்து நான்காவது ஒரு கம்பு மேல்நோக்கி எழுந்து நின்றால் எப்படியோ, அப்படி அவை வெளியில் விரிந்திருக்கின்றன. அந்த நான்கு முனைகளிலும் நான்கு வெவ்வேறு பொருள்களைக் கட்டித் தொங்கவிட்டால், கட்டும் முறை இரண்டே. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். ஒன்றை எவ்வாறு திருப்பினாலும் மற்றொன்றின் மேல் பொருந்தாது. இக்கருத்தை 1874-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு வான்ட் ஹாஃபும், பிரெஞ்சு நாட்டு லெ பெல்லும் தனித்தனியே வெளியிட்டனர்.

இதற்கு அடிக்கல் நாட்டியவர், வெறிநாய்க் கடிக்கு மருந்து கண்ட அதே லூயி பாஸ்டர். 1848-ஆம் ஆண்டு, அவருக்கு வயது 25. அவர் கையில் எடுத்த பொருள் நம் அடுக்களைக்கு அயலானதன்று. நம் புளியின் புளிப்பிற்குக் காரணமான டார்டாரிக் அமிலமே அது. அவர் நாட்டில் அது திராட்சை மதுப் பீப்பாய்களில் படிந்து கிடைத்தது. ஒளியின் அலைகள் ஒரே தளத்தில் அதிருமாறு ஒழுங்குபடுத்தி இவ்வமிலத்தின் கரைசலில் செலுத்தினால், அத்தளம் வலப்பக்கமாகத் திரும்பும். ஆனால் அதே அணுக்கணக்குடைய மற்றோர் அமிலம் ஒளியை எப்பக்கமும் திருப்பவில்லை. ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. பாஸ்டர் அந்த இரண்டாம் அமிலத்தின் உப்பைப் படிகமாக்கி, உருப்பெருக்கியின் கீழ் உற்று நோக்கினார். படிகங்களில் இரண்டு சாதிகள் இருந்தன. ஒன்று வலம்புரி என்றால், மற்றொன்று இடம்புரி. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியலாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலமாகத் திருப்பிற்று. மற்றது அதே அளவு இடமாகத் திருப்பிற்று. இரண்டும் கலந்திருந்ததால் ஒன்றையொன்று ஈடு செய்துகொண்டிருந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வுப்பு இப்படி இருவகைப் படிகங்களாகப் பிரிவது ஏறத்தாழ 27 பாகை சென்டிகிரேடுக்குக் கீழேதான். சென்னையில் சித்திரை வெயிலில் பாஸ்டர் இச்சோதனையைச் செய்திருந்தால் ஒன்றும் கண்டிருக்கமாட்டார். குற்றாலத்துச் சாரலில் செய்திருந்தால் ஒருகால் கண்டிருப்பார்!

பத்தாண்டுகள் கழித்து அவர் கண்டதுதான் நம் தலைப்புக்கு உயிரானது. வலமும் இடமும் கலந்த கரைசலில் ஒரு பூஞ்சக்காளான் வளர்ந்தது. அக்காளான் வலம்புரி மூலக்கூறுகளை மட்டும் தின்று, இடம்புரியைத் தொடாமல் விட்டுவைத்தது! இடுக்கி பிடித்து மனிதன் அரும்பாடுபட்டுச் செய்த பிரிவினையை, கண்ணும் கையும் இல்லாத ஒரு காளான் உண்ணும்பொழுதே செய்துவிட்டது. உயிர் என்பது மூலக்கூறின் அணுக்களை எண்ணிப் பார்ப்பதோடு நிற்பதில்லை; அதன் கை எந்தக் கை என்றும் தடவிப் பார்க்கிறது.

ஏன் அப்படி? உயிர்களின் உடலே ஒரு பக்கம் சாய்ந்தது. நம் தசையையும் குருதியையும் நொதிகளையும் ஆக்கியுள்ள புரதங்கள், 20 வகை அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. அவற்றுள் கிளைசீன் ஒன்று மட்டும் வலம் இடம் இல்லாதது. மற்றப் பத்தொன்பதும் இடக்கை வகையைச் சேர்ந்தவை. குளுக்கோசு முதலிய நம் சர்க்கரைகளோ வலக்கை வகையின. இடக்கைக் குளுக்கோசு ஒன்றை ஆய்வுக்கூடத்தில் செய்து நாவில் வைத்தால் இனிக்கத்தான் செய்யும்; ஆனால் அதனை எரித்து ஆற்றல் பெற நம் உடலால் இயலாது. இடக்கால் செருப்பில் வலக்காலை நுழைப்பது போன்ற செயல் அது.

இந்த வேறுபாட்டை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் சதகுப்பை வாங்குங்கள். காய்கறிக் கடையில் ஒரு கட்டுப் புதினா வாங்குங்கள். இரண்டையும் கசக்கி முகர்ந்து பாருங்கள். சட்னிக்கு அரைக்கும் புதினாவின் முதன்மையான மணப்பொருள் கார்வோன். சதகுப்பையின் மணப்பொருள்களுள்ளும் கார்வோன் தலையானது. இரண்டும் கண்ணாடிப் பிம்பங்கள். புதினாவில் இருப்பது ஒளியை இடமாகத் திருப்பும். சதகுப்பையில் இருப்பது வலமாகத் திருப்பும். தராசால் வேறு பிரிக்க முடியாத இவ்விரண்டையும் உங்கள் மூக்கு ஒரு நொடியில் வேறு பிரித்துவிடுகிறது. மூக்கின் உள்ளே மணத்தை ஏற்கும் புரதங்களும் ஒரு கைக்குரியவையாக இருப்பதே காரணம்.

இனி ஆச்சியின் மாத்திரைக்கு வருவோம். குற்றால மலையின் அடிவாரத்து வேலிகளில் பூனைக்காலி என்னும் கொடி படர்வதைக் கண்டிருப்பீர்கள். அதன் காயின் மேலுள்ள சுணை உடம்பில் பட்டால் அரிப்புத் தாளாது. அதன் விதையை நம் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடியினர் அவ்விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிய பின்னரே உண்பர். அந்த நீரில் என்ன போகிறது?

1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து ஒரு பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அப்பொருள் டோபா என்னும் அமினோ அமிலம். அதிலும் இடக்கை டோபா. கொடிக்கு வலக்கை டோபா செய்யத் தெரியாது. அதன் நொதிகள் இடக்கைப் பொருளை மட்டுமே வார்க்கும் அச்சுகள். அதற்கு முன்னரே, 1913-இல், சுவிட்சர்லாந்தில் குகன்ஹைம் என்பவர் ஓர் அவரை வகையிலிருந்து இதே பொருளைப் பிரித்திருந்தார். இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தியெடுத்தவரும் அவரே. நடுக்குவாதத்திற்கும் இப்பொருளுக்கும் உள்ள உறவு அன்று உலகில் எவருக்கும் தெரியாது.

அவ்வுறவு வெளிப்பட்டது 1960-ஆம் ஆண்டில். வியன்னா நகரில் ஹோர்னிகீவிச் என்பவரும் அவருடைய தோழரும் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையை ஆராய்ந்து, அதில் டோபமீன் என்னும் பொருள் மிகக் குறைந்துபோயிருப்பதைக் கண்டனர். நம் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் செய்தியை நரம்புகளுக்கிடையே கொண்டு செல்வது டோபமீன். அப்படியானால் டோபமீனையே கொடுத்துவிடலாமே என்பீர்கள். குருதிக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் உண்டு; டோபமீனை அது உள்ளே விடாது. ஆனால் டோபாவை விடும். அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் வாயிற்காவலர் அங்கே உண்டு. உள்ளே சென்ற டோபாவை ஒரு நொதி பிடித்து, அதனின்று கரியமில வாயுவை நீக்கி டோபமீன் ஆக்கிவிடும்.

1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்னும் மருத்துவர் நோயாளிகளுக்கு டோபாவை மிகுதியான அளவில் கொடுத்துப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் செய்த டோபா அது. சாதாரண முறையில் செய்தால் வலமும் இடமும் பாதிப்பாதியாகவே வரும். பயன் வியக்கத்தக்கதாய் இருந்தது. கட்டையாய்க் கிடந்த உடல்கள் அசைந்தன. கூடவே ஒரு தீமையும் வந்தது. சிலருடைய குருதியில் வெள்ளணுக்கள் குறைந்தன. அவர் அடுத்து இடக்கை டோபாவை மட்டும் கொடுத்தார். முடிவை 1969-இல் வெளியிட்டார். ஏறத்தாழப் பாதி அளவே போதுமானதாயிற்று. வெள்ளணுக்கள் குறையும் அந்தத் தொல்லையும் வரவில்லை. மருந்தின் ஒரு பாதிதான் வேலை செய்தது. மறு பாதி வேண்டாத சுமையாகவும் தீங்காகவும் நோயாளியின் உடலில் ஏறியிருந்தது. 'லீவோ' என்னும் அந்த இரண்டெழுத்தின் விலை இது.

ஆனால் இடக்கை மட்டும் தனியே வேண்டுமென்றால், செய்த மருந்தில் பாதியைப் பிரித்து ஒதுக்க வேண்டுமே! இதற்கு வழி கண்டவர் அமெரிக்க வேதியியலார் நோல்ஸ். ஒரு கைக்கே உரிய வினையூக்கியை அவர் அமைத்தார். இடக்கால் செருப்பு மட்டுமே வேண்டுமானால் இடக்கால் அச்சைச் செய்துகொள் என்பதே அதன் தத்துவம். 1970-களில் அம்முறையால் இடக்கை டோபா தொழிற்சாலையில் உற்பத்தியாயிற்று. 2001-இல் நோல்ஸ் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பூனைக்காலி ஓசையின்றிச் செய்துவந்ததை மனிதன் அப்பொழுதுதான் கற்றுக்கொண்டான்.

இவை அனைத்திற்கும் முடிவில் ஓர் அழகு இருக்கிறது. 'விகடகவி' என்னும் சொல்லை எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. மூளைக்குள் உண்டாகும் டோபமீனும் அத்தகையதே. அதற்கு வலமும் இல்லை, இடமும் இல்லை. சேரும் இடத்தில் கைவேறுபாடு கிடையாது. ஆயினும் அங்கே செல்லும் வழியில் நிற்கும் காவலரும் தொழிலாளரும் இடக்கையை நீட்டினால்தான் பற்றிக்கொள்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். பூனைக்காலி விதையில் மருந்து இருக்கிறது என்றதும் அதைப் பொடித்து உண்ணத் தொடங்கிவிடாதீர்கள். விதைக்கு விதை அளவு வேறுபடும். அளவு மீறினால் தீங்கு செய்யும். மற்றொன்று, நல்ல கையைப் பிரித்துக் கொடுத்தால் எல்லா மருந்தும் நன்மையாகிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 1957 முதல் 1961 வரை பல நாடுகளில் விற்ற தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற தாய்மார் உண்டதால், பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. ஒரு கையை மட்டும் கொடுத்திருந்தால் இத்துயரம் நேர்ந்திராது என்று பலர் எழுதுவர். அது சரியன்று. உடலுக்குள் சென்றதும் அம்மூலக்கூறின் ஒரு கை மற்றொரு கையாக மாறிக்கொள்கிறது. ஆகவே எந்தக் கை என்று கேட்டால் மட்டும் போதாது. உள்ளே சென்றபின் அது அந்தக் கையாகவே நிற்குமா என்றும் கேட்க வேண்டும்.

ஆச்சி அந்த மாத்திரையை வலக்கையாலேயே உண்டார்; மருத்துவர் சொன்னபடி உணவுக்கு அரைமணி முன்னதாக உண்டார். அதற்கும் காரணம் உண்டு. பருப்பிலும் பாலிலுமிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாயிலில் முட்டி மோதுமாதலால், கூட்டம் சேருமுன் டோபா உள்ளே சென்றுவிட வேண்டும். சில வாரங்களில் விரல்கள் ஓய்ந்தன. உள்ளங்கையளவாய்ச் சுருங்கிய கோலம் மறுபடி முறத்தளவாகி, ஒரு மார்கழியில் தெருவின் பாதிக்கு வந்தது. நாலைந்து ஆண்டுகள் அந்தக் கோலம் நிலைத்தது. பிறகு மீண்டும் சுருங்கிற்று. நரம்பணுக்கள் அழிவதை இம்மாத்திரை தடுப்பதில்லை. குறைந்துபோனதை ஈடு செய்கிறதேயன்றி வேரைத் தொடுவதில்லை. அந்த வேரைத் தொடும் மருந்தை எதிர்பார்த்து இன்னும் பல வீடுகளில் பல கைகள் நடுங்கிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த முறை நீங்கள் குற்றாலம் செல்லும்பொழுது, சங்கு வடிவான அக்கோயிலைச் சுற்றி வந்துவிட்டு, மலைப்பாதையின் ஓரத்துப் பூனைக்காலிக் கொடியையும் ஒரு கணம் நின்று பாருங்கள். சுணைக்கு அஞ்சிச் சற்று எட்ட நின்றே பாருங்கள்!